முர்மெலி விழுந்த விதம்

சுவிஸின் ஓல்டன் நகரில் எங்கள் கட்டிடத்தின் நிலவறையில், ஆளுக்கொரு நாள் முறை வைத்துத் துவைக்கும் அறை ஒன்று இருக்கிறது. நேற்று என் முறை. அப்பாவின் தடித்த கம்பளிப் போர்வையைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினால், ஈரக் கம்பளி மணம் மூக்கில் ஏறியது. கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் நான் மறுபடியும் முர்மெலி.

முர்மெலி தெரியுமல்லவா? கூர் நகருக்கு மேலே மலைப்பக்கம் போனால் பின்னங்காலில் நின்று விசிலடிக்குமே, குண்டு அணில் மாதிரி, அதுதான். இதே ஈரக் கம்பளி மணம் வீசும் அதன் வேடத்துக்குள் புகுந்து, சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் மூன்று குளிர்காலம் உருண்டவள் நான். அதற்கு முன் ஜூடோக்காரி. முழங்கால் பழுதாகி, இனிப் போட்டிகள் வேண்டாம் என்று டொக்டர் கைவிரித்த பிறகு வீட்டில் சுருண்டு கிடந்தேன். அப்போதுதான், நன்றாக விழத் தெரிந்தவர் தேவை என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. எனக்கென்றே எழுதியது போல் இருந்தது.

வில்லங்கம் என்னவென்றால், நான் அளவுக்கு மீறி நன்றாக விழுந்தேன். நாடியை நெஞ்சோடு சேர்த்து, உள்ளங்கையால் தரையில் ஓங்கி அடித்து, உருண்டு எழுந்து, பழக்கதோஷத்தில் குனிந்து ஒரு வணக்கமும் வைத்துவிடுவேன். ஒத்திகைக்கு வந்த பிள்ளைகள் ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. ஒரு குழந்தை மரியாதையாகக் கைதட்டியது. அது இன்னும் மோசம். இயக்குநர் அம்மா சுவிஸ் ஜெர்மனில் சொன்னதை எங்கள் தமிழில் சொன்னால், "நீ விழேல்லை, விழுந்து காட்டுறாய். வெள்ளிக்கிழமைக்குள்ள சரிவராட்டி வேற ஆளைத்தான் பாக்கவேணும்." இதுவும் போனால் எனக்கென்று ஒன்றுமில்லை என்று உண்மையாகவே பயந்தேன்.

அந்தக் கிழமை நடுவில் மாதச் சதுர்த்தி வந்தது. மோதகத் தட்டத்தோடு அப்பா முன்னால் நடக்க, பக்கத்து ஊரான திரிம்பாக்கில் இருக்கும் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பஸ் தரிப்பிடத்துப் பனியில் அப்பாவின் கால் வழுக்கியது. வேறு யாரென்றாலும் கையை ஊன்றியிருப்பார்கள். அப்பா இரண்டு கையாலும் தட்டத்தைத் தலைக்கு மேலே தூக்கினார். கால்கள் திசைக்கொன்றாகப் போக, மெல்ல, மிக மெல்ல, பனிமேல் குந்தினார்.

"அப்பா, அடிபட்டதோ?"

"அதை விடு. ஒண்டும் விழேல்லைத்தானே?"

ஒரு மோதகமும் விழவில்லை. நானும் பக்கத்தில் இருந்து வயிறு நோகச் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை, முர்மெலியின் கையில் ஒரு கேக் தட்டம் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். தட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டு விழுந்தேன். பிள்ளைகள் கதிரையிலிருந்து சரிந்து சரிந்து சிரித்தார்கள். வேடம் எனக்கே நிலைத்தது. முதல் ஒளிபரப்பைப் பார்த்த அப்பா துள்ளினார்: "உது நான் விழுந்தமாதிரியெல்லோ கிடக்கு!"

நிகழ்ச்சி நின்று வெகு காலம். அந்த வேடம் எங்கே போனதோ தெரியாது. நான் இப்போது முதியோர் இல்லத்தில் வயதானவர்களுக்கு அடிபடாமல் விழப் பழக்குகிறேன். அப்பாவுக்கும் கால் தளர்ந்துவிட்டதால், வீட்டில் மெத்தை விரித்துப் பழக்குகிறேன். "கையால நிலத்தில அடியுங்கோ அப்பா" என்றால் "ஓம், ஓம்" என்பார். விழும்போது கை மேலேதான் போகும்.

போன கிழமை குளியலறையில் சத்தம் கேட்டு ஓடினேன். சுவரோடு சாய்ந்து கிடந்தார். இரண்டு கையும் தலைக்கு மேலே, கையில் ஒன்றுமில்லை.

"ஒண்டும் விழேல்லைத்தானே?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இல்லை அப்பா" என்று சொல்லி, அந்தக் கைகளை மெல்ல இறக்கினேன்.