உருளைக்குப் போகாத பாளம்

மகளின் ஆங்கிலப் பயிற்சித்தாளில் ‘மை ஃபாதர் இஸ்’ என்ற வாக்கியத்தையும், அதை முழுமையாக்கும் சொல்லுக்காக விட்டிருந்த கோட்டையும் பார்த்ததும் பேனாவைக் கீழே வைக்கிறேன்.

ஜப்பான்காரன் காலத்தில், மலாயாவின் குளுவாங் ரப்பர் தோட்டத்தில், ஆங்கிலம் எழுதினால் உதைப்பார்கள் என்பதால், அக்காவும் நானும் உறைந்த ரப்பர்பால் பாளத்தின்மேல் ஈர்க்குச்சியால் இப்படி வாக்கியங்கள் எழுதி, ஆளுக்கொரு சொல்லால் முடித்து, உருளையில் விட்டு நசுக்கி அழித்துவிடுவோம். அப்பாவைச் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போன வாரம் அக்கா இந்த வாக்கியத்தைத் தொடங்கினாள்.

“முடி லா, பெரிய படிப்பாளி!” என்றாள். அந்த இடத்தை வெறுமையாகவே விட்டு, பாளத்தை உருளைப் பக்கம் தள்ளினேன்.

எழுத்தறியாத அம்மா வந்து, “என்னடி எழுதியிருக்கு?” என்றாள்.

“அப்பா வந்துருவாருன்னும்மா” என்றாள் அக்கா.

உருளைக்குள் போகவிருந்த பாளத்தை அம்மா பறித்து, எழுத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, ரப்பரை உலர்த்தும் புகைக்கூடத்தில் தொங்கவிட்டாள்.