நான் செய்யாத ஃபவுலும் மணி அண்ணாச்சியும்

மணி அண்ணாச்சி இறந்த செய்தி வந்தபோது நான் தம்பானூரில் பேருந்துக்காக நின்றிருந்தேன். அவருடைய மகள் போனில் அழைத்தாள். "அப்பா போயிட்டாரு சித்தப்பா. காலைல காப்பி கொண்டுபோனேன், எழும்பல." நான் முதலில் கேட்டது, "எனக்குன்னு ஏதாவது எழுதி வச்சிருக்காராம்மா?" என்றுதான். "இல்ல சித்தப்பா" என்றாள். இதற்காக என்னைத் திட்டுகிறவர்கள் திட்டட்டும். நான் எதைக் கேட்டேன் என்பது அவரை அறிந்த எல்லாருக்கும் தெரியும்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. விழிஞ்ஞம் பக்கத்தில், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம். அண்ணாச்சிதான் ரெஃப்ரி. ஓர் அலுவலக அணிக்கு ஆள் எடுப்பவர்கள் என்னைப் பார்ப்பதற்கென்றே வந்திருந்தார்கள். அணியில் சேர்ந்தால் வேலையும் உண்டு. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள், இரு பக்கமும் கோல் இல்லை. பந்து என் காலை விட்டுக் கிளம்பியது. கோல்கீப்பர் எதிர்ப்பக்கம் விழுந்துவிட்டான். பந்து வலையைத் தொடுமுன் விசில் கேட்டது. நான் எதிரணிக்காரனை முதுகில் தள்ளினேனாம். நான் அவனைத் தொடவே இல்லை.

எங்கள் ஆட்கள் நிரம்பியிருந்த கிழக்குக் கேலரி மொத்தமும் அவரை அடிக்க இறங்கி வந்தது. போலீஸ் அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது. ஆட்டம் அதோடு நின்றது. ஆள் எடுக்க வந்தவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்கள். பிறகு மாமாவின் பலசரக்குக் கடையில் ஆயுள் முழுக்க நின்றேன். கடைத்தெருவில் எனக்குப் பெயர் 'ஃபவுல்'.

பத்து வருடம் அவரோடு பேசவில்லை. ஒருநாள் வலியசாலைக் கோயில் வாசலில் மடக்கினேன்.

"நான் தள்ளினேனா அண்ணாச்சி?"

"இல்ல வே."

"பின்ன எதுக்கு ஊதினீரு?"

"கேலரியப் பாத்தேன்."

பாக்கு மரக் கம்புகளைக் கயிற்றால் கட்டி எழுப்பிய தற்காலிகக் கேலரி அது. இரண்டாம் பாதி முழுக்க முனகிக்கொண்டிருந்ததாம். ஆட்கள் எழும்போதெல்லாம் நடுக்கம்புகள் வெளியே சாய்ந்தன. ஒரு முடிச்சு அவிழ்ந்து தொங்கியது. அடியில் நிழலுக்காகப் பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்திருந்தார்கள். "கோல் விழுந்தா அங்கயே நின்னு குதிப்பானுவ. கோவம் வந்தா இறங்கி வருவானுவ. இறங்க வச்சேன்" என்றார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆங்கில விதிப்புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு இரண்டு வருடம் படித்தேன். ஆபத்து என்றால் ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தலாம். யார்மீதும் பழி போட வேண்டியதில்லை. அந்த இடத்தைக் கோடிட்டுக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"மெதுவா இறங்குங்கன்னு சொன்னா இறங்குவானா? நீரு இறங்குவீரா?"

"அதுக்கு என் தலைதான் கிடைச்சுதா?"

"பந்து உம்ம கால்லல்லா இருந்துது."

"கேலரி விழவே இல்லியே அண்ணாச்சி."

"ஆளில்லாத கேலரி எதுக்கு வே விழணும்?"

நான் தள்ளவில்லை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். "எழுதினா, இனிமே எந்த ரெஃப்ரி விசிலயும் எவனும் நம்பமாட்டான்" என்று மறுத்துவிட்டார். அது சால்ஜாப்பு என்று முகத்துக்கு நேரே சொன்னேன். இப்போதும் சொல்கிறேன்.

இந்தச் சண்டையோடே இருவரும் கிழவர்களானோம். போன மாதம் அதே மைதானத்துக்கு என்னை அழைத்துப் போனார். இந்த வருடப் போட்டிக்குக் கேலரி கட்டிக்கொண்டிருந்தார்கள். முடிச்சு முடிச்சாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தார். கிழக்குப் பக்கம் மண் இளகியிருப்பதைச் சொன்னார். கமிட்டிக்காரர் சிரித்தார். "ஒண்ணும் ஆவாது சாரே. கழிஞ்ஞ வருஷமும் இதே கம்புதான்." திரும்பும்போது பேருந்தில் அண்ணாச்சி, "இப்பம் எங்கிட்ட விசில் இல்லியே வே" என்றார்.

நான் தள்ளவில்லை. அது கோல்தான். அவர் இறந்துவிட்டார் என்பதற்காக இதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

அவர் காரியம் முடிந்த மறுநாள் அரையிறுதிக்குப் போனேன். மண்ணைப் பற்றி நானும் கமிட்டியிடம் சொன்னேன்; கைகூப்பி அனுப்பிவைத்தார்கள். கடைசி நிமிடத்தில் ஒரு கோல் விழுந்தது. பக்கத்தில் நின்றவர், "ஹேண்ட்பால்தானே அண்ணாச்சி?" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பந்தைத் தவிர வேறெதையும் பார்த்தறியாத நான், கேலரியின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அண்ணாச்சியிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பார்வை ஒன்றுதான். நான் கேட்டது இதை அல்ல.

மேலே ஆட்கள் குதித்து முடித்தபோது நடுக்கம்பு ஒரு விரற்கடை மண்ணுக்குள் இறங்கியிருந்தது. இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை.