கடைசிப் பாட்டுக்குப் பின் நீக்கப்பட்ட பேச்சு

அண்ணனின் ராக் இசைக்குழு கல்லூரியில் தொடங்கியது. நால்வருக்கும் தலை நரைத்த பிறகும் ஓயவில்லை. "ராக்குன்னா பாறைதானுங்க? அதை உடைக்கத்தான் போர் போடற ரிக்கு வண்டி இருக்குதே, நீங்க எதுக்கு?" என்று எங்கள் ஊரான மல்லசமுத்திரத்தில் கேலி செய்வார்கள். அண்ணனும் சேர்ந்து சிரிப்பார். சேலத்தில் நடந்த அவர்களுடைய கடைசிக் கச்சேரியைக் கேமராக்கள் வைத்து முழுவதுமாகப் படம்பிடித்தார்கள். அது கடைசி என்று அன்று யாருக்கும் தெரியாது. அடுத்த மாதமே மாரடைப்பில் அண்ணன் இறந்துபோனார்.

காணொளியை வெளியிட அண்ணியின் சம்மதம் வேண்டியிருந்தது. அவர் பல மாதங்கள் தள்ளிப்போட்டார். குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர் அண்ணனின் பள்ளித் தோழர். அண்ணன் போன பிறகும் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போவார். ஒரு ஞாயிறு காலை மடிக்கணினியோடு வந்தார். மூவரும் அமர்ந்து பார்த்தோம். வியர்வையில் ஊறிய சட்டையும் கிதாருமாக அண்ணன் எங்கள் எதிரில் பாடிக்கொண்டிருந்தார்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் கூட்டத்தைக் கும்பிட்டு, "சரிங்க, நான் போறேனுங்க" என்றார்.

அவர் சொல்லி முடிக்கும் முன்பே பின்னாலிருந்து டிரம்ஸ்காரரின் குரல் கேட்டது: "எங்கடா போறே மாப்ள? ஸ்பீக்கரையெல்லாம் உங்கப்பனா வந்து தூக்குவான்?"

அரங்கமே சிரித்தது.

"அதை மட்டும் வெட்டிருங்கண்ணா" என்றார் அண்ணி.

"ஏந் தங்கச்சி? அவன் மேடையில கடைசியாப் பேசினது அதுதானே?"

எங்கள் பக்கத்தில் விடைபெறுகிறவர் 'வாரேன்' என்பார், 'போறேன்' என்பதில்லை. அண்ணியை உறுத்துவது அந்தச் சொல்தான் என்று நினைத்தேன். ஒரு சொல்லால் உயிர் போகாது என்றேன். கலைஞன் ஒருவனின் கடைசிப் பேச்சை நீக்குவது அவனுக்கு இழைக்கும் அநீதி என்றேன். நாமே இதற்கு இணங்கினால் அண்ணனின் மகளும் இந்த அச்சத்தோடுதான் வளர்வாள் என்றும் சொன்னேன்.

அண்ணி டிரம்ஸ்காரரைப் பார்த்தே பேசினார். "அவரு சொன்னதுக்காக இல்லீங்கண்ணா. பின்னாடி நீங்க கேட்டீங்க பாருங்க. பாக்கற சனம் சும்மா இருக்குமா? எங்க போறேன்னு கேட்டே அனுப்பி வெச்சுட்டான்னு உங்களைச் சொல்லிருவாங்க."

கிளம்புகிறவரை எங்கே போகிறாய் என்று கேட்கலாகாது என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். படத்தொகுப்பின்போது கூடவே இருந்து அந்த இடத்தை எத்தனையோ முறை கேட்டிருந்த டிரம்ஸ்காரருக்கு, அது நண்பனைச் சீண்டிய பேச்சாக மட்டுமே இருந்திருக்கிறது. இப்போது பின்னுக்கு இழுத்து மறுபடியும் கேட்டார். முகம் வெளிறிப்போயிற்று.

"நீ அன்னைக்கு முன்வரிசையில இருந்தியே தங்கச்சி. அப்பவே கேட்டியா?"

"கேட்டேனுங்க."

"கேட்டுட்டா இத்தனை மாசம் எனக்குச் சோறு போட்டே?"

"உங்க மேல எனக்கு ஒண்ணுமில்லீங்கண்ணா. சத்தியமா இல்லீங்க." அண்ணி அழுதார். டிரம்ஸ்காரர் தலையசைத்தார்; சாப்பிடாமலே கிளம்பினார்.

இரண்டு குரல்களும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே ஒலிவாங்கியில் பதிவாகியிருந்ததால் டிரம்ஸ்காரருடையதை மட்டும் பிரிக்க முடியவில்லை. அண்ணனின் பேச்சும் சேர்ந்தே போனது. காணொளி வெளிவந்தபோது, ஏன் சட்டென்று முடிகிறது என்று சிலர் கேட்டார்கள். ஊரில் ஒருவரும் அவரைக் குறை சொல்லவில்லை. யார் காதுக்கு எட்டக் கூடாது என்று அண்ணி அத்தனை மாதம் காத்தாரோ, அவர் மட்டுமே அதை அறிந்தார். காரணம் கேட்ட அவரும் வாதாடிய நானும்தான் அதை அண்ணியின் வாயிலிருந்து வரவழைத்தோம்.

அண்ணியிடம் அடுக்கிய நியாயங்களையே தொலைபேசியில் அவரிடமும் சொன்னேன். ஒரு கேள்வியால் யாரும் சாவதில்லை என்றேன்.

"படிச்ச புள்ள, சரியாத்தான் சொல்றே சாமி" என்றார்.

அடுத்து வந்த ஞாயிறும் அவர் சாப்பிட வரவில்லை.