புனிதாவின் பெரட்டு

“கிராணி வந்தாச்சு. காவக்காரன் வந்தாச்சு. நெரை... எங்க நெரை? ம், வந்துட்டான்.”

கணினித் திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறி வர, புனிதா ஒவ்வொன்றுக்கும் தலையசைக்கிறார். இடக்கையில் காப்பிக் கோப்பை. லோபாக்கில் உள்ள வீட்டுக் கூடத்தில் அவருடைய வேலைநாள் இப்படித்தான் தொடங்குகிறது. அவர் கணவர் ஷங்கரும் நானும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஷங்கர் லோரி ஓட்டப் போகாத காலைகளில் நான் அங்கே இருப்பேன்.

புனிதா நிரல் எழுதுபவர். அவர் நிரல் எழுதப் பயன்படுத்தும் எடிட்டர், வாங்கும்போது அறைகலன் இல்லாத வீடு போன்றது. வேண்டிய வசதிகளைச் செருகுநிரல்களாகத் தேடிப் பிடித்து நாமேதான் குடியேற்ற வேண்டும். அவற்றின் ஆங்கிலப் பெயர்கள் புனிதாவுக்கு வாயில் நுழைவதில்லை. பிழை பார்ப்பதற்கு அவர் இட்ட பெயர் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர். கோப்புகளைத் தேடித் தருவது காவக்காரன். வரிகளுக்கு எண் போடுவது நெரை, தோட்டத்தில் மர வரிசைக்கு உள்ள பெயர். அடைப்புக்குறியைத் திறந்தால் உடனே தானாக மூடிவிடுவது பஞ்சாலை.

பகாவ் ஊருக்கு அப்பால், புனிதா வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் பஞ்சாலை என்ற பெயரில் ஒருவர் உண்மையிலேயே இருந்தார். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி வீடு அவருடையது. யார் வீட்டுக் கதவு திறந்து கிடந்தாலும், ஆடு நுழைந்துவிடும் என்று சாத்திவிட்டுப் போவார். உள்ளே ஆள் உட்கார்ந்திருந்தாலும் சாத்துவார். புனிதாவின் தந்தை சன்னாசி அங்கே மண்டோர். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது அவர் வேலை. பஞ்சாலையால் பால்மரம் சீவ முடியாமல் போன பிறகும் அவர் பெயர் கூப்பிடப்பட்டது. பதில் வராது. “சீக்கு” என்று சொல்லிவிட்டு சன்னாசி அடுத்த பெயருக்குப் போவார்.

“பேர வெட்டிட்டா தோட்டத்து வீட்ட காலி பண்ணணும்ணே. அதான் அப்பா கடைசி வரைக்கும் வெட்டல” என்றார் புனிதா.

இப்போது அங்கே ரப்பருக்குப் பதில் எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. களம் எந்தப் பக்கம் இருந்தது என்று புனிதாவாலேயே காட்ட முடியவில்லை. இடம் அழிந்த பிறகும் அதன் ஒழுங்கு வேறெங்கோ போய்த் தங்கிவிடுகிறது. எங்கே தங்குவது என்று அது நம்மைக் கேட்பதில்லை.

புனிதாவைப் பெரிய திறமைசாலி என்று நான் சொல்ல மாட்டேன். திரையின் நிறத்தை மாற்றுவதிலும், எந்த விசைக்கு எந்த வேலை என்று திருத்துவதிலும் பாதிக் காலை கழிந்துவிடும். ஷங்கர் சும்மா விடமாட்டார். “மரம் சீவப் போறதுக்கு முன்னுக்கு கத்தி தீட்டியே இவளுக்குப் பொழுது போயிடும் லா.”

“மொட்டக் கத்தியில சீவுனா மரத்துக்குத்தான் காயம். ஒங்களுக்கு என்ன தெரியும், ஸ்டேரிங்கப் புடிக்கிற ஆளு.”

போன வாரம் அந்தக் கத்தியே கையை அறுத்தது. அலுவலகம் கட்டாயம் வேண்டும் என்று சொன்ன ஒரு புதிய செருகுநிரலை அவர் சேர்த்திருந்தார். பல வேலைகளோடு அதுவும் அடைப்புக்குறியை மூடும். அன்று காலை ஒரு செம்பனை ஆலையின் எடைமேடை நிரல் நின்றுபோனது. அதை எழுதியவர் புனிதா. அங்கே எடை போடும் ரதி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“அக்கா, ஒரு லோரியும் எடை போட முடியல. பழம் வெயில்ல கெடக்கு. டிரைவருங்க என்னத்தான் ஏசுறாங்க.”

பிழை எங்கே என்று புனிதா சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார். திருத்தத்தான் முடியவில்லை. ஓர் அடைப்புக்குறியைத் திறந்தால் பஞ்சாலை ஒன்று, புதியது ஒன்று என இரண்டு வந்து மூடின. ஒன்றை அழித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனால் இன்னொன்று முளைத்தது.

ஷங்கர் எட்டிப் பார்த்தார். “ஒரு வீட்டுக் கதவ ரெண்டு பேரு சாத்துனா எப்படி? பழசத் தூக்கு. எழுதுன ஆளே அத அம்போன்னு விட்டுட்டுப் போயி எத்தன வருசமாச்சு.”

“வேற வேல குடுத்துப் பாக்குறேன்.”

குறிப்புக் கோப்புகளை மட்டும் பார்த்துக்கொள் என்று பஞ்சாலையை ஒதுக்கி வைத்தார். கேட்கவில்லை. அது எல்லாக் கதவையும் சாத்திக்கொண்டே இருந்தது. ரதி மறுபடியும் கூப்பிட்டாள்.

“அக்கா, வரிசை பெரிய ரோட்டுக்கு வந்துருச்சு.”

புனிதா அமைப்புக் கோப்பைத் திறந்தார். பஞ்சாலையின் வரி முழுவதையும் தேர்ந்தெடுத்தார். விரல் அழிக்கும் விசைக்கு மேலே போய் நின்றது. விரல் விலகியது. வரியின் தொடக்கத்தில் இரண்டு சிறு கோடுகள் போட்டார். அப்படிக் கோடு போட்ட வரி கோப்பிலேயே இருக்கும். கணினி மட்டும் அதைப் படிக்காமல் கடந்துபோகும். எடிட்டரை மூடித் திறந்தார். ஒரு குறி திறந்தது, ஒன்று மூடியது.

திருத்தம் போய்ச் சேர்ந்தது. “மொத லோரி ஏறிருச்சுக்கா” என்று ரதி சொன்னபோது அவள் குரல் இறங்கியிருந்தது.

புனிதா ஆறிப்போன காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு அந்த வரிக்கே திரும்பிப் போய், அதன் கடைசியில் ‘சீக்கு’ என்று தட்டச்சிட்டுச் சேமித்தார்.