இரண்டு கிடாரும் என் ஆமாமும்

முட்டாள்களில் பல ரகம் உண்டு. நான் விவரம் தெரிந்த முட்டாள் என்கிற உயர்ந்த ரகம். நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ஒரு கிடாரை, "ஆமாம், செத்துப்போச்சு" என்று சாட்சி சொன்னவன் நான். என் காதில் அப்போதும் கோளாறு இல்லை, இப்போதும் இல்லை. கோளாறெல்லாம் வாயில்தான்.

வாய் கெட்டதற்கு என் தொழில் ஒரு காரணம். காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் விற்பனையாளராக இருந்தேன். வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, புடவையை வலைபோல வீசி விரிக்க வேண்டும். வீசுவதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, பார்த்தால் வந்துவிடும். கற்றுக்கொள்ள வேண்டியது ஆமாம் சொல்வது. "இந்தப் பச்சை என்ன நீலமா தெரியுது?" என்று ஒரு அம்மா கேட்டால், "ஆமாம்மா, லேசா நீலம் அடிக்குது, அதுதாம்மா இதோட அழகே" என்போம். அவர் போனபின் இன்னொரு அம்மா வந்து அதே பச்சையில் மஞ்சளைப் பார்த்தால் அதற்கும் ஆமாம். நம் கண்ணுக்குத் தெரிவது வியாபாரத்துக்கு வேண்டாத சமாச்சாரம். நாளடைவில் அது கடையோடு நிற்காமல் என்னோடு வீட்டுக்கும் வந்தது. சாம்பாரில் உப்பு அதிகமா என்று மனைவி கேட்பாள், ஆமாம் என்பேன். சந்தேகப்பட்டு, கம்மியோ என்பாள், அதற்கும் ஆமாம் என்பேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்ப்பாள்.

கடை இல்லாத நேரத்தில் எங்களுக்கு ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. கல்யாண வரவேற்பு, ஆடி மாதம் ஐயம்பேட்டை, ஓரிக்கை என்று சுற்றுவட்டாரத்து அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கும் விழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவோம். நான் தபேலா. நான் வாசிப்பதைக் கேட்டுவிட்டு யாரும் எழுந்து போனதில்லை. சாப்பாடு அதற்குப் பிறகுதான் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கிடார் வாசித்தவன் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். குழுவில் நிஜமாகவே வாசிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். பகலில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் பிரிவில் வேலை. நாளெல்லாம் இடி இடிப்பதுபோல மெஷின் அடிக்கும். காதில் அடைத்துக்கொள்ள ஏதோ கொடுத்திருந்தார்கள். அவன் அதைச் சட்டைப்பையில் வைத்திருப்பான்.

"காதுல வெக்கறதைப் பையில வெச்சுக்கினு இருக்கியே" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதை வெச்சுக்கினா சூப்பர்வைசர் கத்துறது கேக்காதுபா. அவன் எதிர்க்க வந்து நின்னாதான் தெரியும், அதுக்குள்ள மூஞ்சி செவந்துடும்."

இருவரும் சிரித்தோம்.

அவனுடைய கிடார் கல்கத்தாவில் செய்தது. ரயில்வேயில் வேலை பார்த்த அவன் தாய்மாமா அங்கிருந்து கொண்டுவந்தது. மஞ்சள் வார்னிஷ் தேன் நிறத்துக்கு மாறியிருந்தது. முன்பக்க ஓட்டையைச் சுற்றிப் பதித்த சிப்பிக் கற்களில் பாதி உதிர்ந்துவிட்டன. பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் மெல்லிசான மேல் ஸ்தாயிக் கம்பியை அவன் ஒரு தட்டுத் தட்டினால் ஒலி கம்பியிலிருந்து வராது, பெட்டிக்குள் எங்கோ யோசித்துவிட்டு வருவதுபோல ஒரு கணம் பொறுத்து வரும். வந்தபின் அவசரப்படாது. கம்பியிலிருந்து விரலை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அறையில் இருக்கும்.

இதையெல்லாம் விளக்கிச் சொல்லும் நிபுணர் பதவியை நானே எடுத்துக்கொண்டிருந்தேன். சென்னையில் நடைபாதைக் கடை ஒன்றில் வாங்கிய பழைய ஆங்கில இசைப் பத்திரிகைகள் என்னிடம் இருந்தன. பாதி புரியும், மீதியை நானே எழுதிக்கொள்வேன். "மரம் காயக் காய உள்ள இருக்கிற பிசின் இறுகும். அப்பதான் மரம் வாயைத் தெறக்கும். புது கிடாருக்கு அந்த டோன் வரவே வராது" என்று கையை ஆட்டிச் சொல்வேன். என்னால் கிடாரில் ஒரு வரி வாசிக்க முடியாது. அவன் மட்டும் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பான். தனக்குக் கை இருக்கிறது, இவனுக்குக் காது இருக்கிறது என்று நம்பினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சின்ன காஞ்சிபுரத்தில் அவன் வீட்டுக்குப் போனேன். கிடாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகம் சரியில்லை.

"டேய், இப்படி வா. இதைக் கேளு."

மேல் கம்பிகள் இரண்டையும் தட்டினான். எப்போதும்போலத்தான் இருந்தது. நல்லா இருக்குது என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"செத்துப்போன மாதிரி இல்ல?" என்றான். "ஈரத்துணில சுத்தி வெச்சு வாசிக்கிற மாதிரி இருக்குது. உனக்குக் கேக்குதா இல்லியா?"

கடையில் உட்கார்ந்திருக்கும் அந்த ஆள் எனக்குள் நிமிர்ந்து உட்கார்ந்தான். போதாததற்கு நிபுணரும் விழித்துக்கொண்டார். அவனுக்குக் கேட்கிற குறை எனக்குக் கேட்கவில்லை என்றால் என் பதவி என்னாவது?

"ஆமாம்பா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நான் போன மாசமே கவனிச்சேன். சொன்னா மனசு கஷ்டப்படுவியேன்னுதான் சொல்லல."

அவன் மூச்சை விட்டான். தோள் இறங்கியது.

"அப்பாடா. எனக்கு மட்டும்தான் அப்படிக் கேக்குதோன்னு பயந்துக்கினு இருந்தேன்பா."

அன்று காலை அவன் சிரித்த சிரிப்பு எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. கஷ்டத்தில் இருந்த சிநேகிதனுக்கு ஆறுதல் சொன்ன பெருமை.

பிறகு கிடாருக்கு வைத்தியம் ஆரம்பமானது. கம்பிகளை மாற்றினான். "தேவலையா?" "கொஞ்சம் தேவலைபா." "எனக்கு அப்படித் தெரியல." "ஆமாம், அப்படி ஒண்ணும் தேவலைன்னு இல்ல." மழைக்காலத்து ஈரம் ஏறியிருக்கும் என்று அடுப்படியில் மாட்டிவைத்தான். அவன் மனைவி, "தாளிக்கிறப்பல்லாம் இதையும் சேர்த்துத் தாளிக்கணுமா?" என்று கேட்டாள். கம்பியைத் தாங்கும் எலும்புத் துண்டைத் தறி ஆசாரி ஒருவரிடம் கொடுத்துச் செதுக்கச் சொன்னான். ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுவான். ஒவ்வொரு முறையும் அவன் முகத்தில் எழுதியிருப்பதை நான் வாசித்துக் காட்டுவேன். இப்படியே ஒரு ஆடி போய் அடுத்த ஆடி வந்தது. அவனும் தினமும் அந்த மெஷின் முன்னால்தான் போய் நின்றான்.

அந்தச் சமயத்தில்தான் செய்தி வந்தது. கல்கத்தாக் கம்பெனிக்காரர்கள் அந்தப் பழைய மாடலையே மறுபடி போட்டிருக்கிறார்கள், அதே அளவு, அதே மரம், அதே மஞ்சள், சென்னையில் ஒரு கடைக்கு வந்திருக்கிறது என்று குழுவில் பாடுகிறவர் சொன்னார். சிநேகிதன் அன்றே முடிவு செய்துவிட்டான்.

"பழசையும் எடுத்துக்கினு போவோம். பக்கத்துல பக்கத்துல வெச்சு வாசிப்பேன். நீ கேட்டுச் சொல்லு."

எங்கள் கடையிலும் இந்த மாதிரி வருவார்கள். அம்மாவின் முகூர்த்தப் புடவையைக் கொண்டுவந்து இதே மாதிரி நெய்து தாருங்கள் என்பார்கள். நெய்து வந்ததும் இரண்டையும் வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்ச் சேர்த்துப் பிடித்துப் பார்ப்பார்கள். அச்சு அசலாகத்தான் இருக்கும். "அந்த மாதிரி இல்லியே" என்பார்கள். ஆமாம்மா என்போம்.

கிடாருக்கு உறை கிழிந்திருந்ததால் கடையிலிருந்து புடவை சுற்றும் துணி கொண்டுவந்து சுற்றினேன். பஸ்ஸில் மடியில் கிடத்தி எடுத்துப்போனோம்.

சென்னைக் கடை சின்னதுதான், குளிர்சாதனம் போட்டிருந்தது. விற்பனையாளர் எங்களைப் பார்த்துச் சிரித்த விதத்திலேயே நம்ம ஆள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவரும் எதற்கும் ஆமாம் சொல்லும் முகம் வைத்திருந்தார். புது கிடாரைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. தாய்மாமா கல்கத்தாவில் முதன்முதலில் பார்த்தபோது நம்முடையதும் இப்படித்தானே இருந்திருக்கும்.

அவன் முதலில் பழையதை வாசித்தான். அந்தக் கடை ரொம்ப அமைதியாக இருந்ததாலோ என்னவோ, நான் அதை அவ்வளவு நன்றாக அதுவரை கேட்டதில்லை. அடியில் ஒரு கனம், மேலே ஒரு இழை, எதுவும் எதன்மேலும் ஏறாமல் வந்தது. பிறகு புதியதை வாசித்தான். தட்டிய கணமே ஒலி முன்னால் வந்து நின்றது. மேல் கம்பிகள் கண்ணாடி டம்ளரைக் கரண்டியால் தட்டினதுபோல இருந்தன. பழையது தனக்குள் சொல்லிக்கொள்கிற மாதிரி என்றால், புதியது எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்கிற மாதிரி. மோசமில்லை, சின்ன வயசு. வித்தியாசம் சுவரில் மாட்டின படம்போலத் தெளிவாக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, பத்திரிகையில் படித்ததை நிஜமாகவே காதால் கேட்டேன்.

அவன் மறுபடி பழையதை எடுத்தான். மறுபடி புதியதை. தலையைச் சாய்த்து, மேல் கம்பியை மட்டும் திரும்பத் திரும்பத் தட்டினான்.

"இதுவும் செத்துதான் இருக்குது" என்றான்.

விற்பனையாளர், "சார், புது மரம், வாசிக்க வாசிக்கத் தெறந்துக்கும்" என்றார். வெளிநாட்டுக் கிடார் ஒன்றைக் கொண்டுவந்தார். அவன் அதையும் தட்டிப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். என் பக்கம் திரும்பினான்.

"உனக்கு?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ஆமாம்பா, டல்லாத்தான் இருக்குது" என்றேன்.

அவன் முழங்கைக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பலகைமேல் விற்பனையாளரின் செல்போன் கிடந்தது. அது அடித்தது. அந்தக் காலத்துச் செல்போன்களின் மெல்லிய, கிரீச்சென்ற சத்தம். விற்பனையாளர் ஒரு நிமிஷம் சார் என்று விரலைக் காட்டினார். நான் அதைப் பார்த்தேன். மூலையில் வயலின் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கூடத் திரும்பிப் பார்த்தார். அவன் மட்டும் குனிந்து கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான். விற்பனையாளரின் கை அவனைத் தாண்டி நீண்டபோதுதான் நிமிர்ந்தான். செல்போனில் விளக்கு எரிந்து எரிந்து அணைவதைப் பார்த்தான். எங்கள் முகங்களைப் பார்த்தான்.

"அடிக்குதா?" என்றான்.

ஆமாம் சொல்லிப் பிழைக்கிற இரண்டு பேர் அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தோம். ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அவன் புது கிடாரைத் துடைத்து, பத்திரமாக அதன் இடத்தில் வைத்தான். பழையதைத் துணியில் சுற்றினான். திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டான். நான் இரண்டு ஜோக் சொன்னேன். இரண்டாவதுக்கு மரியாதைக்குச் சிரித்தான்.

டாக்டரிடம் அவனை அழைத்துப்போனது அவன் மனைவி. வந்து என்னிடம் சொன்னதும் அவள்தான்.

"கீச்சுனு வர்ற மேல் சத்தமெல்லாம் காதுல போயிடுச்சாம்ணா. மெஷின் சத்தத்துலதானாம். போனது வராதாம். முன்னாடியே கூட்டினு வந்திருந்தா இவ்ளோ போக விட்டிருக்க மாட்டோமேன்றாரு." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கிடாருக்குத்தான் எதோ ஆயிடுச்சுன்னு இவரு சொல்லிக்கினே இருந்தாருண்ணா. நானும் மரத்துக்கு வந்த சீக்குன்னுதான் நெனச்சிக்கினேன்."

"ஆமாம்மா" என்றேன். வேறென்ன தெரியும் எனக்கு.

அவனைத் தொழிற்சாலையில் சாமான்கள் வைக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். குழுவுக்கு வருவதை அவனே நிறுத்திக்கொண்டான். அடுத்த விழாவில் கீபோர்டுக்காரர் ஒரு பட்டனை அழுத்தினார், கிடார் சத்தம் வந்தது. ஜனங்களுக்கு ஒன்றும் குறையவில்லை. நான் தபேலாவில் இரண்டு இடத்தில் தப்பு விட்டேன். திரும்பி முறைக்க ஆளில்லை.

அவன் வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் வர நாளாகியது. போனபோது அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். கம்பி மீட்டுவதற்காக வலது கையில் வளர்த்திருந்த நகங்களை ஒட்ட வெட்டியிருந்தான். அந்தக் கையை நகமில்லாமல் நான் பார்த்ததேயில்லை. யாருடைய கையோ போல இருந்தது.

ரகசியமாகச் சொல்லவேண்டியதைச் சொல்லத்தான் போயிருந்தேன். ஆனால் மெதுவாகச் சொன்னால் அவனுக்குப் பாதி வார்த்தைதான் போய்ச் சேரும். எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, உரக்கச் சொல்லவேண்டியதாகிவிட்டது. பக்கத்து வீட்டு ஜன்னல்கூடக் கேட்டிருக்கும்.

"கிடாருக்கு ஒண்ணும் ஆகலைபா. நீ மொத நாள் கேட்டியே, அன்னிக்கே எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சு. மெட்ராஸ் கடைலயும் நல்லாத்தான் கேட்டுச்சு. நான்தான் ஆமாம் ஆமாம்னு சொல்லிக்கினு இருந்துட்டேன்."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவன் சொன்னான்:

"உன்னைப் போய்க் கேட்டேன் பாரு."