அலை தெரிய மாட்டிய விளக்கு

மூன்று வருடங்களுக்கு முன், பங்குனி மாதம். மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலை ஒட்டிய ஒரு பங்களாவில் எனக்கு வயரிங் வேலை. நான் செங்கல்பட்டில் எலெக்ட்ரீஷியன். சாப்பிடும்போது அலை தெரிய வேண்டும் என்றார் வீட்டுக்காரர். பின்பக்கச் சுவரின் மேல், கடலைப் பார்த்து நான்கு ஃபோக்கஸ் லைட் மாட்டினேன். இருட்டியதும் போட்டுப் பார்த்தோம். நுரைகூடப் பளிச்சென்று தெரிந்தது. நம்மை அடிக்க ஆளில்லை என்ற நினைப்போடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை ஏணியை எடுக்க வந்தேன். வாசல் பெருக்கும் அம்மா, பக்கத்துக் குப்பத்துக்காரர், முறத்தில் எதையோ வாரிக்கொண்டிருந்தார். காய்ந்த சருகு என்றுதான் நினைத்தேன். கிட்டே போனால், அத்தனையும் ஆமைக் குஞ்சுகள்.

"இன்னாம்மா இது?"

"உன் லைட்டுதான் அண்ணாத்த. மண்ணுலேர்ந்து வெளிய வந்ததும், வெளிச்சம் எங்க கீதோ அதான் கடலுன்னு போவுங்க. ராவெல்லாம் இங்க வந்துகினு இருந்துக்குது."

பின்பக்கக் கம்பிக் கேட்டின் இடுக்கு வழியாக நுழைந்து, சிமென்ட் தரையில் சுற்றிச் சுற்றியே செத்திருந்தன. பலவற்றில் எறும்பு மொய்த்தது. எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்னும் உயிர் இருந்த சிலவற்றை ஹெல்மெட்டில் அள்ளிக்கொண்டு ஓடினேன். "தண்ணில போடாத, ஈர மண்ணுல வுடு!" என்று அந்த அம்மா பின்னாலிருந்து கத்தினார். விட்டேன். சில தத்தித் தத்திப் போய்ச் சேர்ந்தன. ஒன்றை மட்டும் அலை திரும்பத் திரும்பக் கரையில் கொண்டுவந்து போட்டது. அப்புறம் அது அசையவில்லை. இவ்வளவு பெரிய ஆள், அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

வீட்டுக்காரருக்குப் போன் செய்து, லைட்டுகளை நானே கழற்றித் திசை மாற்றிவிடுகிறேன், கூலிகூட வேண்டாம் என்று கெஞ்சினேன். "வெள்ளிக்கிழமை கெஸ்ட் வர்றாங்க. எலெக்ட்ரீஷியன் வேலையை மட்டும் பாருப்பா" என்று வைத்துவிட்டார். மெயினை அணைத்துவிட்டு வந்தேன். அந்த வாரமே அந்தப் பக்கம் போனபோது, விளக்கு ஜோராக எரிந்துகொண்டிருந்தது.

இப்போது யார் கடலைப் பார்த்து லைட் போடச் சொன்னாலும் முடியாது என்று வந்துவிடுகிறேன். அது மட்டும்தான் என்னால் ஆகிறது. நான் கேட்டைத் தாண்டுவதற்குள் அவர்கள் வேறு ஆளுக்குப் போன் போட்டுவிடுகிறார்கள்.