மலரில் அம்மா படம் இல்லாத காரணம்

பிள்ளைகளா, போன மாதம் நீங்கள் இருவரும் போனில் கேட்ட கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "கோயில் பொன்விழா மலரை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் பார்த்துட்டோம்பா. அம்மா படம் ஒண்ணுகூட இல்ல. படமெல்லாம் உங்க கையிலதானே இருந்துச்சு?" என்று பெரியவள் கேட்டாள். "அப்பா மறந்திருப்பாரு லா, விடு," என்று சின்னவன் பின்னாலிருந்து சொன்னதும் எனக்குக் கேட்டது. ஆமாம், மறந்துவிட்டேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். அது பொய். நடந்ததை எழுதிவிடுகிறேன். வாயால் சொல்ல எனக்கு வராது.

மலருக்குப் படங்களைச் சேர்த்து அடுக்கும் வேலையைக் கோயிலில் என்னிடம்தான் கொடுத்தார்கள். அப்பா படித்தது படிவம் மூன்று வரை என்பது அவர்களுக்கும் தெரியும். தொழிற்சாலையில் இத்தனை வருஷமாக ஸ்டோர் பார்க்கிறவன், சாமானை அடுக்கத் தெரிந்தவனுக்குப் படத்தையும் அடுக்கத் தெரியும் என்று நினைத்திருப்பார்கள். வீட்டில் வேறு ஆள் இல்லை, நேரம் இருக்கும் என்றும் நினைத்திருக்கலாம். அதுவும் உண்மைதான். வேலை விட்டு ஐந்து மணிக்கெல்லாம் வந்துவிடுவேன். ஒரு ஆளுக்குச் சோறு வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? சின்னவன் விட்டுப்போன பழைய மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து உட்கார்ந்தால், குளுவாங் ஊரே வீட்டுக்குள் வந்த மாதிரி இருக்கும். ஞானஸ்நானம், கல்யாணம், பாஸ்கா, கிறிஸ்துமஸ். எல்லாம் தெரிந்த முகங்கள். கணினியை மூடினால் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

மலர்க் குழுவின் செயலாளர் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். முதல் கூட்டத்திலேயே அவர் ஒரு விதி போட்டார். "படத்தை எடுத்தவங்கதான் அதுக்குச் சொந்தக்காரங்க. அவங்ககிட்ட கேட்காம ஒண்ணும் மலர்ல ஏறக்கூடாது." கணினியில் வெறும் எண்களாக இருந்த படப் பெயர்களை மாற்றி, ஒவ்வொன்றுக்கும் வருஷம், விழா, வரிசை எண் என்று பெயர் வைத்தேன். கூடவே ஒரு பட்டியல்: படத்தில் யார், எடுத்தவர் யார், அனுமதி உண்டா.

இரண்டு மாத வேலை. கொண்டுபோய்க் காட்டினால், டீச்சர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"என்னங்க இது? மாதா கெபிக்குப் பூ வைக்கிற ஆன்ட்டி நானூறு படம் எடுத்திருக்காங்களா? பேரப்பிள்ளையையே அவங்க தலை இல்லாமதான் எடுப்பாங்க!"

"அவங்கதான் டீச்சர் அனுப்பினாங்க."

"அனுப்பினவங்க எல்லாம் எடுத்தவங்களா? அவங்க வாட்ஸ்அப்ல வர்றதை அப்படியே தள்ளி விடுறவங்க!"

எங்கள் ஸ்டோரில் எந்தப் பெட்டி வந்தாலும் அதைக் கொண்டுவந்த லாரிக்காரர் பெயரைத்தான் முதல் கட்டத்தில் எழுதுவோம். அந்தப் பழக்கத்தில் படங்களையும் கொண்டுவந்தவர் பெயரில் பதிந்திருந்தேன். லாரி ஓட்டுகிறவர் பெட்டிக்குள் இருப்பதைச் செய்தவர் இல்லை என்பது எனக்குத் தெரியாதா என்ன? கை தன் பாட்டுக்கு எழுதிவிட்டது.

மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வாசலில் நின்று, இது யார் எடுத்தது, போட்டுக்கொள்ளலாமா என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். நாலைந்து வாரம் ஆனதும் என்னைக் கண்டாலே சிலர் காரை நோக்கி நடையைக் கூட்டினார்கள்.

அப்படித் திருத்திக்கொண்டே வந்தபோது ஒரு வரியில், எடுத்தவர் என்ற இடத்தில், என் பெயர் இருந்தது. அம்மா படம்.

உங்களுக்குத் தெரிந்த படம்தான். திருவிழாச் சமையலுக்கு மண்டபத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறாள். கண்ணில் தண்ணீர், வாய் நிறையச் சிரிப்பு. யாராவது படமெடுக்க வந்தால் முந்தானையை முகத்தில் போட்டுக்கொள்கிறவள் அவள். நான் பார்த்த அத்தனை படங்களிலும் அவளுடைய முதுகும் முழங்கையும்தான் கிடைத்தன. முகம் தெரிகிறது இது ஒன்றில்தான். அவளுடைய முதல் வருஷப் பூசைக்கு நினைவு அட்டை அடித்ததும், நம் கூடத்தில் மாட்டியிருப்பதும் இதுவே. என் கைப்பேசியில் இருந்ததால் நான் எடுத்ததாகப் பதிந்துவிட்டேன். நான் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் நான் வாசலில் நின்று கார்களுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தேன்.

எடுத்தவர், அப்போது நம் கோயில் விழாக்களுக்குப் படமெடுத்துக் கொடுத்த தம்பி. பிறகு துணி ஆலையில் வேலை கிடைத்துப் பத்து பாகாட் ஊருக்குக் குடிபோய்விட்டார். அன்றைக்கு இந்த ஒரு படத்தை எனக்கு மட்டும் அனுப்பியிருந்தார்.

போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் அம்மாவை நினைவு வைத்திருக்கிற ஒருவரோடு உட்கார்ந்து பேச வேண்டும் போலிருந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் ஆயர் ஈத்தாம் ஊர் வழியாக அவர் வீட்டுக்குப் போனேன்.

"அலமாக், அண்ணே! வழி தெரிஞ்சுச்சா? குளுவாங் ஆளுங்க எங்களை மறந்தாச்சுன்னு நினைச்சேன்!" என்று கதவைத் திறந்தார். வீட்டில் அவர் மட்டும்தான். அவரை வளர்த்த அக்கா போன வருஷம் இறந்துபோனது எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் விசாரிக்கவில்லை. காப்பி கலக்கிக் கொடுத்தார். வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"அந்த வெங்காயப் படமா? கேட்கவே வேணாம் அண்ணே, போடுங்க! பெரிசாவே போடுங்க. எங்க அக்காவும் அதுல இருக்கா. அண்ணி என்னமோ சொல்ல, ரெண்டு பேரும் கத்தியைக் கீழ போட்டுட்டு அப்படிச் சிரிச்சாங்க. இங்க வெள்ளம் வந்தப்ப என்னோட டிஸ்க் எல்லாம் தண்ணியில போயிருச்சு. உங்ககிட்ட இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க. காட்டுங்க, காட்டுங்க."

கைப்பேசியை எடுக்க எனக்குக் கை வரவில்லை. பிறகு எடுத்துக் கொடுத்தேன்.

பார்த்தார். விரலால் பெரிதாக்கினார். இடது பக்கமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். படம் அம்மாவின் தோளோடு முடிந்துவிடுகிறது.

"அக்கா எங்கண்ணே?"

நினைவு அட்டைக்கு அம்மா மட்டும் போதும் என்று வெட்டியது நான்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை வெட்டினேன். கீழ் மூலையில் சின்ன எழுத்தில் இருந்த தம்பியின் பெயர் அம்மா சேலையின் மேல் விழுந்தது, அதையும் வெட்டினேன். வெட்டியதை அப்படியே சேமித்ததில் முழுப்படம் அழிந்துபோயிற்று. அப்புறம் கைப்பேசியையும் மாற்றிவிட்டேன். எதையும் மறைக்காமல் அவரிடம் சொன்னேன்.

"முழுசு வேற எங்கயும் இல்லையா?"

"இல்ல தம்பி."

கைப்பேசியைக் கொஞ்ச நேரம் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தார். "என் பேரை வெட்டினது பரவால்ல அண்ணே. எல்லாரும்தான் வெட்டுறாங்க. அக்கா உங்களை என்ன பண்ணினா? பேசாம உட்கார்ந்து வெங்காயம்தானே உரிச்சா."

கைப்பேசியை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"மலர்ல வேணாம் அண்ணே. ரெண்டு பேர் இருந்த படம் அது. அண்ணி மட்டும் இருக்கிற படத்தை நான் எடுக்கவே இல்லையே. உங்க வீட்டுல இருக்கிறது இருக்கட்டும்."

வாசல் வரை வந்து, "மழை வரும் போல, பார்த்து ஓட்டுங்க," என்றார். திட்டி அனுப்பியிருந்தால் திரும்பி வருகிற வழி எனக்கு அவ்வளவு நீளமாகத் தெரிந்திருக்காது.

அடுத்த கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னேன். "நீங்க ஒருத்தரு! அவரு பத்து பாகாட்ல இருக்காரு, நம்ம மலரை எங்க பார்க்கப்போறாரு? உங்க வீட்டம்மா படம்தானே, போடுங்க லா," என்றார் குழுவில் ஒருவர். டீச்சர் என்னையே பார்த்தார். போட்டிருக்கலாம். அச்சுக்குப் போகிற நாள் வரைக்கும் படம் என் கையில்தான் இருந்தது. மலர் வந்ததும் நீங்கள் எந்தப் படத்தைத் தேடுவீர்கள் என்றும் எனக்குத் தெரியும். இரண்டு தடவை அதை அச்சுக்குப் போகும் படங்களோடு சேர்த்தேன். இரண்டு தடவையும் எடுத்தேன். கடைசியில் அனுமதி என்ற கட்டத்தில் 'இல்லை' என்று போட்டுப் பட்டியலை அனுப்பிவிட்டேன்.

அம்மா அத்தனை வருஷம் நின்று சமைத்த கோயிலின் மலரில் அவள் முகம் இல்லாமல் போனது என்னால்தான். அந்தத் தம்பி மேல் வருத்தப்படாதீர்கள்.

மலர் வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டுக்கு வந்ததும் கூடத்துச் சுவரிலிருந்து அம்மா படத்தை இறக்கினேன். சட்டத்தின் பின்பக்க அட்டையில் தூசி இருந்தது, துடைத்தேன். தடித்த பேனாவால் 'எடுத்தவர்' என்று எழுதி அந்தத் தம்பியின் பெயரைப் போட்டேன். அதன் கீழே 'படத்தில் இருப்பவர்கள்' என்று எழுதி, அம்மா பெயரையும் பக்கத்தில் அவருடைய அக்கா பெயரையும் எழுதினேன். மை காய்கிற வரைக்கும் படத்தை மேசைமேல் கவிழ்த்தே வைத்திருந்தேன்.